எஸ்டிஎல்இ மெம்பர்ஷிப் ஒர்த்தா?

பேரிங், கியர், ஹைட்ராலிக்னு ஆயிலும் கிரீஸுமா பொழப்பு ஓட்டுறவங்களுக்கு எஸ்டிஎல்இ (சொசைட்டி ஆஃப் டிரைபாலஜிஸ்ட்ஸ் அண்ட் லூப்ரிகேஷன் இன்ஜினியர்ஸ்) மெம்பர்ஷிப் ஒர்த்து தான், ஆனா எல்லாருக்கும் இல்ல. 1944ல அமெரிக்கால வெறும் லூப்ரிகேஷன் இன்ஜினியர்ஸ் சொசைட்டியா ஆரம்பிச்சது, 1987ல தான் டிரைபாலஜியையும் (உராய்வு, தேய்மானம், லூப்ரிகேஷன் பத்தின படிப்பு) பேர்ல சேத்துக்கிட்டாங்க.

இதுல வெயிட்டான விஷயம்னா சர்டிஃபிகேஷன் தான். சிஎல்எஸ் (சர்டிஃபைடு லூப்ரிகேஷன் ஸ்பெஷலிஸ்ட்) எக்ஸாமுக்கு படிக்க உக்காந்தா விஸ்காசிட்டி, அடிட்டிவ், சீல், ஃபில்ட்ரேஷன், ஆயில எப்படி ஸ்டோர் பண்ணணும்ங்கறது வரைக்கும் எல்லாத்தையும் தொட்டாகணும், அதுவும் எந்த ஆயில் கம்பெனியோட சர்டிஃபிகேட்டும் இல்லங்கறதால சேல்ஸ்காரங்க சொல்றத அப்படியே தலையாட்டி கேக்காம, லித்தியம் கிரீஸ் இருக்குற எடத்துல பாலியூரியா கிரீஸ போட்டா ரெண்டும் ஒத்துப்போகுமான்னு நாமளே கேள்வி கேக்க ஆரம்பிச்சிடுவோம். ஆயில் சாம்பிள் எடுத்து ரிப்போர்ட் பாக்குறவங்களுக்கு ஓஎம்ஏ, கட்டிங் கூலன்ட் ஆளுங்களுக்கு சிஎம்எஃப்எஸ்னு தனித்தனியா சர்டிஃபிகேட் இருக்கு. மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும், அது தான் தலவலி.

அவங்க மேகசின் டிஎல்டி நல்லாருக்கும், மெயின்டனன்ஸ் ஆளுங்களுக்கும் புரியுற மாதிரி எழுதுறாங்க. டிரைபாலஜி டிரான்சாக்‌ஷன்ஸ் ஜர்னல் வேற லெவல், ஸ்ட்ரிபெக் கர்வ்னா (வேகம், லோடு, விஸ்காசிட்டிக்கு ஏத்தாப்ல உராய்வு எப்படி மாறுதுன்னு காட்டுற கிராஃப்) என்னன்னே தெரியாம உள்ள போனா ரெண்டாவது பக்கத்துலயே தூக்கம் வந்துடும் (ரிசர்ச் பண்றவங்க கோச்சிக்காதீங்க).

வருஷாந்திர மீட்டிங்ல ஷார்ட் கோர்ஸும் நடத்துறாங்க, கம்பெனி காசு குடுத்தா கண்ண மூடிட்டு போங்க, கைக்காசுன்னா மொதல்ல மெம்பர்ஷிப் மட்டும் போதும்.