போனில் லைவ் ஓடும், டிவிஆரில் பதிவு இருக்காது: சிசிடிவி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டில் சிசிடிவி போட்டிருப்பவர்கள் முதல் வேலையாகப் போன வாரத்துப் பதிவு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். லைவ் இல்லை, பதிவு. போன் ஆப்பில் வாசலும் தெருவும் தெரிகிறதே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். கேமரா படத்தைப் பதிந்து வைக்கும் பெட்டிதான் டிவிஆர், பதிவு சேர்வது அதற்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கில். லைவ் காட்டுவதற்கு அந்த டிஸ்க் தேவையே இல்லை. டிஸ்க் செத்துக் கிடந்தாலும், அதைக் கழற்றியே எடுத்துவிட்டாலும், நான்கு கேமராவும் ஜம்மென்று படம் காட்டும்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நிறுத்தியிருந்த தம்பியின் பைக் ஒரு ராத்திரி காணாமல் போனது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போனபோது ஏட்டு முதலில் கேட்டதே "கேமரா இருக்கா?" என்றுதான். இருக்கிறது என்று தெம்பாகச் சொல்லிவிட்டு வந்து பிளேபேக்கைத் திறந்தால், காலண்டரில் அந்த மாதம் முழுக்க ஒரு தேதியிலும் பதிவில்லை. அதற்கு முந்தைய மாதமும் அதே கதை.

கேமரா போட்டுக் கொடுத்தவருக்கு போன் செய்தேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. "டிஸ்க் எரர் காட்டுது சார், ஒண்ணுமில்ல, இங்கிருந்தே ஃபார்மட் பண்ணி விடுறேன், சரியாயிடும்" என்றார். ஃபார்மட் செய்தால் டிஸ்க்கில் மிச்சம் மீதி இருப்பதும் போய்விடும். அது ஒரு பக்கம். கடையில் உட்கார்ந்தபடியே அவரால் எங்கள் டிவிஆரை ஃபார்மட் செய்ய முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அட்மின் பாஸ்வேர்டு அவரிடம். கருவி பதிவாகியிருப்பது அவருடைய ஆப் கணக்கில். எங்கள் வீட்டு வாசலை எங்களுக்கே அவர் ஷேர் செய்துகொண்டிருந்திருக்கிறார்! நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டிஸ்க்கைக் கழற்றித் தெரிந்த கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தார். ஹார்டு டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். அதை இந்த மென்பொருள் 'பவர் ஆன் ஹவர்ஸ்' என்ற வரியில் காட்டும். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். எங்கள் டிவிஆர் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கரண்ட் கட்டே இல்லாமல் ஓடியிருந்தாலும் 17,520-ஐத் தாண்ட வழியில்லை. திரையில் இருந்த எண்ணோ 40,000-க்கும் மேல். எங்களிடம் வருவதற்கு முன்பே வேறெங்கோ இரண்டரை வருடத்துக்கு மேல் ராப்பகலாக ஓடிய டிஸ்க் அது.

மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஒரு சீரியல் எண், மென்பொருள் காட்டியது வேறொரு எண். சர்வீஸ்காரர் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதிலிருந்த எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் வாரன்டி பக்கத்தில் போட்டுப் பார்த்தால், கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மொத்தமாக விற்ற டிஸ்க், தனியாக வாங்குபவருக்கு வாரன்டி கிடையாது என்று வந்தது. மணிக்கணக்கையே அழித்துப் பூஜ்யமாக்கி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளைக் கடைகளில் அப்படிப் புதியது என்று விற்றது பெரிய செய்தியானது. எங்கள் ஆள் அவ்வளவு தூரம்கூட மெனக்கெடவில்லை, ஸ்டிக்கரோடு முடித்துக்கொண்டார்.

கொட்டேஷனில் அவர் எழுதியிருந்தது "1 டிபி சர்வைலன்ஸ் ஹார்டு டிஸ்க், 3 வருட வாரன்டி". டிபி என்றால் டெராபைட், ஆயிரம் ஜிபி. வாங்கியதும் புது டிஸ்க்கின் விலைதான். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை சர்வைலன்ஸ் டிஸ்க்குகள். இருபத்து நாலு மணி நேரமும் எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கென்று செய்தவை, வருடத்துக்கு 180 டிபி வரை தரவு வந்து போனாலும் தாங்கும் என்று நிறுவனங்களே குறிப்பிடுகின்றன. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் 55 டிபிதான். எங்கள் நான்கு கேமராவும் தலா நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் படம் அனுப்புகின்றன. ஒரு நாளைக்கு 170 ஜிபிக்கு மேல், வருடத்துக்குச் சுமார் 63 டிபி. ஏற்கெனவே ஓடிக் களைத்த டெஸ்க்டாப் டிஸ்க் இதற்கு எப்படி ஈடுகொடுக்கும்?

இதே கணக்கில் இன்னொரு புளுகும் வெளியே வந்தது. "ஒரு மாசப் பதிவு நிக்கும் சார்" என்று சொல்லித்தான் 1 டிபி போட்டார். இந்த வேகத்தில் அது ஆறு நாள்கூடத் தாங்காது, பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். படத்தை இன்னும் சுருக்கிப் பதியும் எச்.265 முறைக்கு மாற்றி வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் பதினோரு நாள்தான்.

அப்புறம் சண்டை போட்டு அட்மின் பாஸ்வேர்டை வாங்கி உள்ளே போய்ப் பார்த்தேன். டிஸ்க் கெட்டால் டிவிஆர் விடாமல் பீப் அடிக்கும். அதற்கான அமைப்பு 'எக்செப்ஷன்' என்ற பக்கத்தில் இருக்கிறது. எங்களுடையதில் அதை அணைத்து வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டு ஒருவரிடம் மட்டும் இருக்கும்போது வேறு யார் அணைத்திருப்பார்கள்? எனக்கு டிஸ்க்கை விட இதில்தான் கோபம் அதிகம். பழைய டிஸ்க் போட்டது பேராசை என்று விடலாம். அது சாகும்போது சத்தம் வரக்கூடாது என்று ஏற்பாடு செய்தது வேறு ரகம்.

நேரில் கேட்டபோது அவர் அசரவில்லை. "ரீஃபர்பிஷ்டு சார், எல்லாரும் இதைத்தான் போடுறாங்க" என்றார், அதாவது பழையதைச் சரிசெய்து விற்பது. பாதி விலைக்கு இன்னொன்று தருவதாகவும் சொன்னார். பழைய டிஸ்க்கைப் பழையது என்று சொல்லி விற்றால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் அப்படியே சொல்லித் தருகிற கடைகள் உண்டு, விலையும் அதற்கேற்ற விலைதான்.

பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் கூட ஆகும் என்று ஆரம்பத்திலேயே சொல்லி, பில் தராமலே வேலையை முடித்திருந்தார். ஆனால் கடை லெட்டர்ஹெட்டில் எழுதிய கொட்டேஷன், வாட்ஸ்அப் பேச்சு, யுபிஐயில் பணம் போன விவரம் எல்லாம் என்னிடம் இருந்தன. அவற்றை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். கடையிலிருந்து போன் வந்தது, டிஸ்க் பணத்தை மட்டும் தருகிறார்களாம். ஒத்துக்கொள்ளவில்லை, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியவற்றுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். இணையத்திலும் தாக்கல் செய்யலாம்.

புதிதாகப் போடுகிறவர்கள் டிஸ்க் கவரை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன் ஸ்டிக்கரைப் படம் எடுத்து, அங்கேயே சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். பல டிவிஆர்களில் ஸ்டோரேஜ் மெனுவிலேயே 'ஸ்மார்ட்' என்ற பெயரில் டிஸ்க்கின் உடல்நிலை விவரம் வரும், மணிக்கணக்கை அதிலேயே பார்க்கலாம். புது டிஸ்க் என்றால் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். ஆப் கணக்கு உங்கள் போன் எண்ணில் இருக்கட்டும், அட்மின் பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள், பீப்பை ஆன் செய்து வையுங்கள். டிவிஆர் கடிகாரத்தையும் ஒரு பார்வை பாருங்கள், தேதி தப்பாக ஓடினால் பதிவு இருந்தும் போலீஸில் பதில் சொல்லி மாளாது. ஏதாவது நடந்துவிட்டால் அன்றைக்கே பென் டிரைவில் எடுத்துவிடுங்கள், அடுத்த வாரம் அது அழிந்திருக்கலாம்.