‘கரண்ட் போனாலும் டேட்டா போகாது’ என்று மாட்யூல் விற்பவர்களிடம் உஷார்

எம்மேப் (mmap, கோப்பை நினைவகத்தில் விரித்து அதிலேயே எழுதும் முறை) வழியாகக் கோப்பில் எழுதும் லாகிங் மாட்யூல் (பதிவுகளைச் சேமிக்கும் மென்பொருள்) ஒன்றை, மின்சாரம் போனாலும் ஒரு பதிவுகூடத் தொலையாது என்று சொல்லி எங்கள் தலையில் கட்டினார்கள். டெமோவில் புரோகிராமை கில் -9 கொடுத்துக் கொன்று, திரும்பத் திறந்து எல்லாம் பத்திரம் என்று காட்டினார்கள். இந்த டெமோவை நம்பவே நம்பாதீர்கள். புரோசஸ் செத்தாலும் அது மாற்றிய நினைவகப் பக்கங்கள், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ரேமில் வைத்திருக்கும் பேஜ் கேஷில் அப்படியே இருக்கும். டிஸ்க்கில் எழுதச் சொல்லும் சின்க்கே செய்யாத புரோகிராமும் இதில் பாஸாகிவிடும்.

சைட்டில் மின்சாரம் போனதும் கடைசியாக எழுதிய பதிவுகளைக் காணோம். புரோகிராம் கெர்னலுக்கு விடும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் (strace) போட்டதும் குட்டு வெளிப்பட்டது. எம்மேப் பக்கங்களை டிஸ்க்கில் எழுதச் சொல்லும் எம்சின்க் (msync) அழைப்பு போகிறது, ஆனால் எம்எஸ்_ஏசின்க் என்ற ஃபிளாகுடன். லினக்ஸ் 2.6.19 முதல் அந்த ஃபிளாக் டிஸ்க்கில் எழுதுவதைத் தொடங்கிக்கூட வைப்பதில்லை. கெர்னல் தன் போக்கில் எழுதும்வரை, வழக்கமான அமைப்பில் சுமார் 30 விநாடி, டேட்டா ரேமில்தான் கிடக்கும்.

புகார் கொடுத்தபின் எம்எஸ்_சின்க் (எழுதி முடியும்வரை காத்திருக்கும் ஃபிளாக்) என்று மாற்றித் தந்தார்கள். அதிலும் ஓட்டை. எம்சின்க்குக்குத் தரும் முகவரி பக்க எல்லையில் தொடங்க வேண்டும். இவர்களோ பதிவின் முகவரியையே கொடுத்திருந்தார்கள். பதிவு 256 பைட், பக்கம் 4096 பைட். ஆக, பக்கத்துக்கு 16 பதிவில் முதலாவதைத் தவிர மற்ற 15-க்கும் ‘ஈஇன்வால்’ (EINVAL, தவறான மதிப்பு) பிழை திரும்பிவந்தது. திரும்பும் மதிப்பைப் பார்க்க ஒரு வரிகூட கோடில் இல்லை!

வாங்குமுன் கோடைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முகவரியைப் பக்க எல்லைக்குக் கீழிறக்கி, அதே அளவு நீளத்தைக் கூட்டியிருக்க வேண்டும். எம்அன்மேப் (எம்மேப்பை விடுவிக்கும் அழைப்பு) செய்தாலே டிஸ்க்குக்குப் போய்விடும் என்று சொன்னால் அது பொய். ‘ஈஐஓ’ (EIO, டிஸ்க்கில் படிக்க, எழுத முடியாத கோளாறு) பிழை வந்ததும் எம்சின்க்கைத் திரும்ப அழைக்கும் கோடு மிக ஆபத்தானது: எழுதத் தவறிய பக்கத்தையும் லினக்ஸ் சுத்தமானதாகக் குறித்துவிடலாம், அடுத்த அழைப்பு வெற்றி என்றே சொல்லும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் குழுவே 2018-இல் இதில் திண்டாடியது. விண்டோஸ் என்றால் ஃபிளஷ்வியூஆஃப்ஃபைல் (FlushViewOfFile) அழைப்பு மட்டும் போதாது, ஃபிளஷ்ஃபைல்பஃபர்ஸும் (FlushFileBuffers) வேண்டும்.

பாக்கிப் பணம் தருமுன் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு எம்சின்க்கும் வெற்றியாகத் திரும்பியபின் பதிவின் வரிசை எண்ணை நெட்வொர்க்கில் இன்னொரு மெஷினுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். ஷட்டவுன் கூடாது, யுபிஎஸ்ஸும் கூடாது. மறுபடி பூட் ஆனதும் கோப்பில் உள்ள கடைசி எண் அங்கே போய்ச் சேர்ந்த எண்ணைவிடக் குறைந்தால் மாட்யூலைத் திருப்பி அனுப்புங்கள். எஸ்ட்ரேஸில் எல்லா அழைப்பும் சரியாக இருந்தும் எண் குறைந்தால், டேட்டாவை நிரந்தரமாக எழுதாமலே எழுதிவிட்டதாக எஸ்எஸ்டி சொல்லியிருக்கலாம்; அடுத்து மாற்றிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.