மாயன் நாட்டில் பஸ் பயணம்: குழுவோடு போவதா, தனியாகவா?

குவாத்தமாலா மலைநாட்டில் லோஸ் என்குவென்ட்ரோஸ் என்று ஒரு கூட்டுரோடு இருக்கிறது. சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தைக்குப் போகிறவர்கள், அதித்லான் ஏரிக்கு இறங்குகிறவர்கள், ஷெலா நகரத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் பஸ் மாறுவார்கள். நான் இரண்டு தடவை அந்த இடத்தைக் கடந்திருக்கிறேன். முதல் தடவை, பன்னிரண்டு பேர் கொண்ட சுற்றுலாக் குழுவோடு ஒரு வேனில். ஜன்னல் வழியே நாலைந்து சாப்பாட்டுக் கடையும் கொஞ்சம் கூட்டமும் தெரிந்தன, அவ்வளவுதான். இரண்டாவது தடவை தனியாக. ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே என் முதுகுப்பையை ஒரு பையன் வாங்கி, அடுத்த பஸ்ஸின் கூரைமேல் ஏற்றிவிட்டான். பஸ் நகர்ந்த பிறகுதான் அது எங்கே போகிறது என்று விசாரித்தேன். நல்லவேளை, சரியான பஸ்தான்.

மாயர் என்ற பழங்குடி மக்கள் வாழும் மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ் பக்கம் குழுவோடு போவதா, தனியாகப் போவதா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், அது எந்தப் பகுதி என்பதைப் பொறுத்தது. மெக்சிகோவின் யுகதான் பக்கம் குழுவுக்குப் பணம் கொடுப்பது வீண். அதே நாட்டின் சியாபாஸ் மலைகளைத் தாண்டி குவாத்தமாலாவுக்குள் நுழையும் இடத்தில்தான் அந்தக் காசுக்கு அர்த்தம் இருக்கிறது. பெலீஸில் எப்படிப் போனாலும் ஒன்றுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, கான்கூன் பக்கத்தில் தொடங்கி இரண்டு மூன்று வாரம் போகும் குழுப் பயணங்களில், கட்டணத்துக்குள் அடங்குவது போக்குவரத்து, முன்பின் தெரியாத ஒருவரோடு பகிரும் அறை, கூடவே வரும் தலைவர். சாப்பாட்டில் பெரும்பகுதியும் சில இடங்களின் நுழைவுக் கட்டணமும் நம் பையிலிருந்து. தலைவர் பயணத்தை நடத்துவாரே தவிர, பழைய மாயா நகர இடிபாடுகளுக்குள் வந்து விளக்கம் சொல்ல மாட்டார். அதற்கு உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி தனி. முதல் நாள் மாலையே எல்லோரிடமும் டிப்ஸ் பணம் வசூலித்து ஒரு உறையில் போட்டார்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல். இரண்டு பயணக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தனியாகப் போனபோது ஒரு நாள் செலவு ஏறக்குறைய பாதிதான்.

யுகதானுக்கு வருவோம். அங்கே ஆதோ என்ற பஸ் கம்பெனி இருக்கிறது. எண்ணிட்ட இருக்கை, அடியில் போடும் பைக்குச் சீட்டு, பெரிய ஊர்களில் எல்லாம் நிலையம். ஸ்பானிய மொழி பத்து வார்த்தை தெரிந்தால் போதும். ஆதோ போகாத சிற்றூர்களுக்கு கொலெக்தீவோ என்ற வேன்கள் ஓடும். ஆள் நிரம்பினால் கிளம்பும், நம்மூர் ஷேர் ஆட்டோ கணக்கு. இங்கே குழு நமக்குச் செய்து தருவது எதுவும் இல்லை. சொல்லப்போனால் கெடுதல்கூட உண்டு. மாயர்களின் பழைய நகரமான சிச்சென் இட்சா காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. அருகிலுள்ள வயாதோலிதில் இரவு தங்கி, முதல் கொலெக்தீவோ பிடித்தால், கான்கூனிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்குவதற்குள் எல் கஸ்தியோ பிரமிடை ஏறக்குறைய தனியாகவே நின்று பார்க்கலாம். பக்கத்துக்கு 91 படி, நான்கு பக்கமும் மேல் மேடையும் சேர்த்து 365 என்ற கணக்கை வெயில் ஏறுவதற்குள் நிதானமாக எண்ணலாம் (ஏற முடியாது, அது நின்று பல வருடமாகிவிட்டது). குழுவோடு போனபோது நாங்கள் சேர்ந்தது பதினொரு மணிக்கு. பிரமிடைவிட மனிதத் தலைகள்தான் அதிகம் தெரிந்தன.

இப்போது மாயா ரயிலும் வந்துவிட்டது. 2023 டிசம்பரில் முதல் பகுதியும், ஒரு வருடம் கழித்து முழுப் பாதையும் திறந்தன. பல நிலையங்கள் ஊருக்கு வெளியே இருப்பதால் அங்கிருந்து மறுபடி ஒரு வண்டி பிடிக்க வேண்டும். எனக்கு பஸ்தான்.

சியாபாஸில் கதை மாறுகிறது. பலெங்கேயிலிருந்து சான் கிறிஸ்தோபலுக்கு ஒகோசிங்கோ வழியாகப் போகும் மலைச்சாலை சுமார் 200 கிலோமீட்டர்தான். ஆனால் வளைவும் வேகத்தடையுமாக ஐந்து மணி நேரம் குலுக்கும். சில நாட்களில் கிராமத்தார் சாலையின் குறுக்கே கயிறு கட்டிப் பணம் கேட்பார்கள், சில நாட்களில் மறியலே நடக்கும். இதனால் பெரிய பஸ்கள் வில்யஎர்மோசா பக்கம் சுற்றிப் போவதும் உண்டு. குழு வேனின் ஓட்டுநர் அந்தப் பக்கத்துக்காரர். புறப்படும் முன் நாலு போன் பேசி, இன்று எந்த வழி என்று முடிவு செய்தார். கயிற்றின் முன் நின்றபோது அவரும் அவர்களும் பேசிய மொழி ஸ்பானியம் அல்ல. தனியாகப் போயிருந்தால் அந்த இரண்டு நிமிடமும் எனக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

சான் ஹுவான் சாமுலா தேவாலயமும் அப்படித்தான். வெளியே பார்க்கக் கத்தோலிக்கக் கோயில். உள்ளே பெஞ்சு கிடையாது. தரை முழுக்கப் பைன் ஊசியிலை, அதன் நடுவே வரிசையாக மெழுகுவர்த்தி, முன்னால் முழங்காலிட்டு சோத்சில் என்ற மாயா மொழியில் முணுமுணுக்கும் குடும்பங்கள், பக்கத்தில் கோலா பாட்டில்கள். படம் எடுக்கக் கூடாது, கண்டிப்பாக. கூட வந்த சோத்சில் வழிகாட்டி, அங்கே நடப்பது நோய் தீர்க்கும் சடங்கு என்று மெல்லச் சொன்னார். அவர் இல்லாமல் நான் நுழைந்திருந்தால், அடுத்தவர் வீட்டுப் பூஜையறையில் செருப்போடு நிற்கிற ஆள் போலத்தான் நின்றிருப்பேன்.

எல்லை கடக்கும் நாளுக்காகவே குழுவை மன்னிக்கலாம். உசுமசின்தா ஆற்றங்கரையில் ஃப்ரொந்தேரா கொரோசால் என்ற ஊருக்கு வேன், அங்கிருந்து நீளப் படகில் யாஷ்சிலான் இடிபாடுகள் (சாலை இல்லை, ஆறு மட்டுமே வழி), திரும்பி வந்து மறுகரையில் குவாத்தமாலா, அப்புறம் ஃப்ளோரெஸ் வரை இன்னொரு வண்டி. இதில் மெக்சிகோ முத்திரை ஓரிடம், குவாத்தமாலா முத்திரை வேறிடம், பணம் மாற்ற ஒருவர், படகுக்கு ஒருவர். தனியாளும் இதைச் செய்யலாம். ஆனால் படகைப் பகிர ஆள் கிடைக்கும்வரை கரையில் உட்கார வேண்டும். விசா மட்டும் குழுக்காரர்கள் பொறுப்பல்ல. இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு, செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. மற்ற இரண்டு நாடுகளுக்கும் தூதரகத்தில் தனித்தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

குவாத்தமாலாவுக்குள் மூன்றாவது வழி ஒன்று உண்டு: விடுதி வாசலில் ஏற்றி விடுதி வாசலில் இறக்கும் சுற்றுலா ஷட்டில் வேன். எனக்கு இது பிடிக்கவில்லை. குழுவில் கிடைக்கும் பேச்சுத்துணையும் இல்லை, பஸ்ஸில் கிடைக்கும் ஊரும் இல்லை. நேர் வண்டி என்று ஒரு ஏஜென்ட் விற்ற டிக்கெட்டில் பாதி வழியில் வேன் மாற்றி, புதிய ஓட்டுநர் மறுபடி காசு கேட்டார். ஆனாலும் லான்கீனுக்கும் ஃப்ளோரெஸுக்கும் போகும் நீண்ட பாதைகளில் பெரும்பாலானோர் இதில்தான் போகிறார்கள். நானும்தான் போனேன்.

சரி, அந்த பிரபலமான 'சிக்கன் பஸ்'. உள்ளூரில் அதற்குப் பெயர் கமியோனேத்தா. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்த வண்டிகள் இங்கே வந்து, சிவப்பும் பச்சையும் குரோமியமுமாக மறுபிறவி எடுத்திருக்கும். பிள்ளைகளுக்கான சீட்டில் பெரியவர்கள் மூவர்; மூன்றாமவருக்குப் பாதி உடம்பு நடைபாதையில்தான். அயுதாந்தே என்ற உதவியாளர் 'ஷெலா, ஷெலா, ஷெலா' என்று கத்திக்கொண்டே, ஓடும் வண்டியில் கூரைக்கும் கதவுக்கும் தாவுவார். ஒருவர் ஏறி நின்று வைட்டமின் மாத்திரையின் மகிமையைப் பத்து நிமிடம் பேசி விற்றுவிட்டு இறங்குவார். சொலோலா பக்கம் ஏறும் பெண்கள் நெய்த உய்பில் சட்டையில், கக்சிகேல் என்ற மாயா மொழியில் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மாயர்கள் மறைந்துபோன மக்கள் என்று யாராவது சொன்னால், அந்த பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். குழுப் பயணத்தில் நான் முழுக்கத் தவறவிட்டது இதைத்தான்.

ஆனால் ஆபத்தும் உண்மை. இந்த பஸ்களில் கொள்ளை நடப்பதால் அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டவரை ஏறவே வேண்டாம் என்கிறது. நான் வைத்துக்கொண்ட விதி: தலைநகரின் உள்ளே ஏறுவதில்லை, இருட்டிய பிறகு ஏறுவதில்லை, பாஸ்போர்ட் கூரைமேல் போகாது.

உடம்பு படுத்தினால் கணக்கே வேறு. பலெங்கேயில் எனக்கு வயிறு கலங்கிய இரவு, குழு விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பியது. பயணத் தலைவர் உப்புச் சர்க்கரைக் கரைசல் தந்தார், அன்பாகத்தான். வேன் மட்டும் எனக்காக நிற்கவில்லை. தனியாகப் போனபோது ஷெலாவில் இதே கதை. இரண்டு நாள் படுத்தேன், விடுதிக்கார அம்மா கஞ்சி மாதிரி ஒன்று கொடுத்தார்.

காட்டுக்குள் இருக்கும் திகால் என்ற மாயா இடிபாட்டுக்கு ஃப்ளோரெஸிலிருந்து தனியாளுக்கும் வேன் தாராளம். வழிகாட்டியை மட்டும் அமர்த்திக்கொள்ளுங்கள், காடு அவ்வளவு பெரியது. பெலீஸில் ஆங்கிலம் போதும், பழைய பள்ளி பஸ்ஸே அங்கும். ஆக்தூன் துனிசில் முக்னால் குகைக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரையும் விடுவதில்லை என்பதால், அங்கே தனியாளும் ஒரு நாள் குழுக்காரர்தான்.

மூன்றாம் தடவை போனால், மெரிதாவிலிருந்து பலெங்கே வரை நானே பஸ் பிடிப்பேன். அங்கிருந்து ஃப்ளோரெஸ் வரை உள்ளூர் ஆட்களின் இரண்டு நாள் குழுவில் சேர்வேன். அப்புறம் கமியோனேத்தா. ஆதோவின் ஏசி எலும்பை நடுக்கும், அதனால் ஸ்வெட்டர் கைப்பையில் இருக்கும். முதல் தடவை அதை அடியில் போடும் பைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, எட்டு மணி நேரம் துண்டைப் போர்த்திக்கொண்டு போனேன்.