ஜாதிக்காய்ச் சதுப்பு: செயற்கைக்கோள் படமா, நேரில் நடப்பதா?

கேரளத்தின் குளத்துப்புழா பக்கம் ஓடையோரமாகக் குறுகலாகக் கிடக்கும் காட்டு ஜாதிக்காய்ச் சதுப்புகளை வரைபடமாக்க இரண்டு வழி. ஐரோப்பிய செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படம் இலவசம். 5 நாளுக்கு ஒருமுறை வரும். அமெரிக்க செயற்கைக்கோளான லேண்ட்சாட்டின் பழைய படங்களோடு ஒப்பிட்டால் சுற்றியுள்ள காடு எங்கே தோட்டமானது என்று பிடித்துவிடலாம். ஆனால் படத்தின் ஒரு கட்டம் தரையில் 10 மீட்டர்; அதில் தெரிவது மரத்தலைகள்தான். பருவமழைக் காலத்தில் அதுவும் இல்லை, மேகம்தான்.

ஜிபிஎஸ்ஸோடு நடந்தால், சேற்றிலிருந்து மடக்கிய முழங்கால்போல் எழும் மூச்சுவேர்கள், அவற்றுக்கிடையே நாற்றுகள், காய் பறிக்க ஒடித்த கிளை எல்லாம் கண்ணில் படும். அடர்காட்டில் ஜிபிஎஸ் காட்டும் புள்ளி சில மீட்டர் தள்ளி விழும், அட்டை கடிக்கும். சரி, அது போகட்டும். எவ்வளவு பறிக்கலாம் என்று முடிவெடுக்க நாற்றுக் கணக்கு வேண்டும். அதற்கு நடைதான். எங்கே நடப்பது என்று தேர்ந்தெடுக்க மட்டும் செயற்கைக்கோள் படத்தைப் பயன்படுத்துவேன்.