ஆப்ட் கேஷ்: துடைப்பதா, வரம்பு கட்டுவதா, பொதுவில் வைப்பதா?

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் மலிவாகக் கிடைக்கும் பழைய 64 ஜிபி லேப்டாப்பில் உபுண்டு (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) போட்டால், கொஞ்ச நாளில் இடம் போதாமல் திணறும். உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி ஆப்ட். அது இறக்கும் நிறுவல் கோப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்தான் கேஷ். உடனே அதன் மேல் பழி போட வேண்டாம். முதலில் 'டியு -எஸ்எச் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ்' என்று ஆங்கில எழுத்தில் அடித்து, கேஷ் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். உபுண்டு 16.04 முதல் 'ஆப்ட்' கட்டளை, பேக்கேஜை (மென்பொருள் தொகுப்பை) நிறுவி முடித்ததும் அதன் நிறுவல் கோப்பான டெப் கோப்பை அழித்துவிடுகிறது. 'ஆப்ட்-கெட்' அப்படியே விட்டுவைக்கிறது. பழைய ஸ்கிரிப்டுகளில் இருப்பது பெரும்பாலும் 'ஆப்ட்-கெட்'தான்.

'ஆப்ட்-கெட் கிளீன்' எல்லா டெப் கோப்புகளையும், பாதி இறங்கியவை உட்பட, துடைத்துவிடும். 'ஆட்டோகிளீன்' சாதுவானது போலத் தெரியும். சர்வரில் இனி கிடைக்காத பதிப்புகளை மட்டுமே நீக்கும். ஆனால் புதிய பதிப்பு சொதப்பினால் 'டிபிகேஜி -ஐ' (டெப் கோப்பை நேரடியாக நிறுவும் கட்டளை) போட்டுத் திரும்பிப் போக நமக்குத் தேவைப்படுவதே அந்தப் பழைய கோப்புதான். மீண்டும் இறக்க முடிந்ததை வைத்துக்கொண்டு முடியாததை அழிப்பதால், இடத்துக்கும் பெரிய லாபமில்லை, பாதுகாப்புக்கும் இல்லை. வீட்டில் ஒரே கணினி என்றால் 'கிளீன்' போதும்.

பழைய பதிப்புகள் வேண்டும், இடமும் மிஞ்ச வேண்டும் என்பவர்களுக்கே அளவு வரம்பு. /எட்க்/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி கோப்புறையில் '99கேஷ்' என்று ஒரு கோப்பு உருவாக்கி இதை ஆங்கில எழுத்தில் எழுதலாம்:

ஆப்ட்::பீரியாடிக்::மேக்ஸ்சைஸ் "800";
ஆப்ட்::பீரியாடிக்::மின்ஏஜ் "2";

800 என்பது எம்பி கணக்கு. கடைசி அரைப்புள்ளியை விட்டால் ஆப்ட் மொத்தமாக முரண்டு பிடிக்கும். கோப்புப் பெயருக்கு வால் வைத்தால் '.கான்ஃப்' மட்டுமே செல்லும், '.பேக்' போன்றவற்றை ஆப்ட் படிக்காது. வரம்பு வைத்தும் கேஷ் 2 ஜிபி காட்டுகிறதே என்ற புலம்பலுக்குக் காரணம் இரண்டு. ஒன்று, இந்தச் சோதனை தினசரிப் பராமரிப்பு ஓடும்போது மட்டுமே நடக்கும். இறக்கும்போது யாரும் தடுப்பதில்லை. மற்றொன்று, மின்ஏஜ். 2 நாள் ஆகாத கோப்பை மேக்ஸ்சைஸ் தொடாது. நேற்று பெரிய அப்கிரேட் இறக்கியிருந்தால் நாளை வரை பொறுக்கத்தான் வேண்டும். வரம்பை 200 என்று வைப்பதில் அர்த்தமில்லை. லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜ் ஒன்றே அதை விழுங்கிவிடும்.

மீற முடியாத வரம்புதான் வேண்டுமென்றால் அந்தக் கோப்புறை மேல் 1 ஜிபி டெம்ப்எஃப்எஸ் (ரேமில் அமையும் தற்காலிகக் கோப்பு இடம்) ஏற்றலாம். அதைவிடப் பெரிய அப்கிரேடை, இடமில்லை என்று சொல்லி ஆப்ட் தொடங்கவே தொடங்காது. ரேமையும் தின்னும். 4 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு இது வேண்டாத வேலை.

தமிழ்ப்பள்ளிக் கணினிக்கூடம் மாதிரி 20 கணினி உள்ள இடத்தில் கணக்கே வேறு. அங்கே ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி (பல கணினிகளுக்குப் பொதுவான கேஷ் தரும் மென்பொருள்) நிறுவி, மற்றவற்றின் ஆப்ட் ப்ராக்சியை அதன் 3142 போர்ட்டுக்குத் திருப்பினால், ஒவ்வொரு பேக்கேஜும் இணையத்திலிருந்து ஒரே முறைதான் இறங்கும். மற்ற கணினிகளில் தைரியமாக 'கிளீன்' போடலாம். எச்டிடிபிஎஸ் முகவரியில் உள்ள களஞ்சியங்கள் (பேக்கேஜ்கள் கிடைக்கும் சர்வர்கள்) இதில் நேரடியாகத் தேங்காது. அவற்றுக்குத் தனி அமைப்பு வேண்டும். அந்த ஒரு கணினியை யாராவது அணைத்துவிட்டுப் போனால் மற்ற எல்லாவற்றிலும் அப்டேட் நின்றுவிடும். களஞ்சியப் பட்டியலில் இனி இல்லாத கோப்புகளைச் சில நாள் கழித்து ஆப்ட்-கேச்சர்-என்ஜியே நீக்கும், ஆனால் மொத்த அளவுக்கு உச்சவரம்பு கிடையாது. ஆகவே /வார்/கேஷ்/ஆப்ட்-கேச்சர்-என்ஜி கோப்புறைக்கு 30 ஜிபி தனிப் பார்ட்டிஷன் ஒதுக்குங்கள். ரூட்டிலேயே (கணினியின் முதன்மைப் பார்ட்டிஷனிலேயே) விட்டால் அது நிறையும் நாளில் லாக் எழுதக்கூட இடமிருக்காது.