திகில் கதைத் தொகுப்பு: அச்சுப் புத்தகமா, கிண்டிலா?

எடை, எழுத்தைப் பெரிதாக்கும் வசதி, இடத்தை அடைக்காதது எல்லாவற்றிலும் கிண்டில் என்னும் மின்நூல் கருவிதான் முன்னால். ஐப்பசி அடைமழையில் கரண்ட் போன ராத்திரிக்கும் அதுதான் தோது. ஆனாலும் மனசைக் கலைக்கிற சிறுகதைகளுக்கு என் ஓட்டு அச்சுக்கே.

காரணம், கதை முடியும் இடம். நாவலில் வலக்கைப் பக்கம் மெலிய மெலிய முடிவு நெருங்குவது தெரிந்துவிடும். தொகுப்பில் ஏழாவது கதை முடியும்போதும் கையில் இன்னும் நூறு பக்கம் கனக்கும். விளக்கம் ஏதோ வரப்போகிறது என்று தாளைப் புரட்டினால் அடுத்த கதையின் தலைப்பு! இந்த வகைக் கதையில் பாதி அந்தத் திடுக்கிடல்தான். கிண்டிலோ, அத்தியாயம் முடிய இரண்டு நிமிடம் என்று மூலையில் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இடது கீழ் மூலையைத் தட்டிக்கொண்டே வந்தால் அது மறையும். முதல் கதைக்கு முன்பே செய்துவிடுங்கள்.

கதை நடுவில், நாயகி கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாளா இல்லையா என்று நாலு பக்கம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். புத்தகத்தில் விரலைச் செருகிக்கொண்டு புரட்டினால் போதும். கிண்டிலில் தேடலாம், ஆனால் எந்தச் சொல்லைத் தேடுவது?

எதில் படித்தாலும் முன்னுரை கடைசியில். முடிவை அங்கேயே போட்டு உடைத்திருப்பார்கள்.

அச்சுக்குப் பராமரிப்பு உண்டு, காவிரி டெல்டா ஈரத்தில் கொஞ்சம் அதிகமாகவே. அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஓதமும் கரையானும் சுவர் வழியாகத்தான் வரும். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்குத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தின் பழைய கைவைத்தியம் உண்டு: வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் இடித்துக் கட்டிய துணி முடிச்சு. கற்பூரம் காற்றில் கரைந்துவிடும், வாசம் போனதும் மாற்றுங்கள். மழை விட்டதும் வெயிலில் காயப்போடாதீர்கள். தாள் பழுத்து, முதுகுப் பசை விட்டுவிடும். நிழலில், ஃபேன் காற்றில் விரித்து நிறுத்தினால் போதும்.

ஒலிநூலில் எனக்குப் பழக்கம் குறைவு. கேட்ட சிலவற்றில், வாசிப்பவர் குரலைத் தாழ்த்தியதுமே ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

வாங்கும் முன் சோதிக்க வேண்டுமானால் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ இருக்கிறது. அவர் மறைந்தது 1948, பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. தமிழ் மின்நூல்களைத் தரும் மதுரைத் திட்டம் இணையதளத்தில் அவர் கதைகள் இலவசம். போனில் ஒருமுறை, நூலகத்து அச்சுப் பிரதியில் ஒருமுறை படித்துப் பாருங்கள். புத்தகத்தை முதலில் எடுங்கள், இரண்டாம் தடவைக்குத் திடுக்கிடல் மிஞ்சாது.