ஸ்பூல் மெஷினோடு ஒன்பது வருடம்

ஹாலில் இருக்கும் என் பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டரைப் பார்த்து, வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இது இன்னும் ஓடுதா?" அடுத்தது, "போன்லயே ரெக்கார்ட் ஆகுதே, இது எதுக்கு?" முதல் கேள்விக்கு ஒரு டேப்பை ஓடவிட்டுக் காட்டிவிடுவேன். இரண்டாவதற்குக் காபி கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது, எழுதியாவது பார்க்கலாம் என்றுதான் இது.

என்னிடம் இருப்பது ரெவாக்ஸ் ஏ77. சுவிட்சர்லாந்தில் வில்லி ஸ்டூடரின் நிறுவனம் 1967இல் கொண்டுவந்த மாடல். 1977இல் பி77 வந்து இதன் இடத்தைப் பிடித்தது. ஸ்டூடர் என்ற பெயரில் ஸ்டூடியோக்களுக்கும் ரெவாக்ஸ் என்ற பெயரில் வீடுகளுக்கும் அவர்கள் மெஷின் செய்தார்கள். மூன்று மோட்டார், டேப்பில் இருப்பதை அழிக்க, பதிய, படிக்க என்று மூன்று ஹெட், பத்தரை அங்குல ஸ்பூல் வரை ஏறும். எடை பதினைந்து கிலோ. மயிலாப்பூரில் ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்தபோது வாங்கி, எங்கள் மாடிப்படியில் நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். இடுப்புப் பிடிப்பு ஒரு வாரம் இருந்தது.

இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த பல மெஷின்களில் டேப்பை இழுக்கும் மோட்டார், கரண்டின் ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு எத்தனை அலை என்பதை, நம்பி ஓடுவது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் மாட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினாலும் தீராது, அது வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. ஐந்து கட்டை சுருதியில் பாடியவர் மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கி, பெருமாள் கோயில் பிரசாதம் உண்ட மயக்கத்தில் பாடுவது போல இருக்கும். அதற்குத் தகுந்த புல்லி மாற்ற வேண்டும், கிடைத்தால். ஏ77இல் டேப்பை இழுக்கும் தண்டான கேப்ஸ்டனின் மோட்டார் வேகத்தை ஒரு சின்ன ஹெட் அளந்து, எலெக்ட்ரானிக் சர்க்யூட் சரிசெய்துகொண்டே இருக்கும். ஹெர்ட்ஸ் எதுவானாலும் சுருதி இறங்காது. பின்பக்கம் வோல்டேஜ் செலக்டரை 240க்குத் திருப்பினேன், அவ்வளவுதான்.

சரி, அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மூன்றாவது மாதம், ஒரு மழைக்கால மாலை. மெஷினுக்குள்ளிருந்து டப்பென்று சத்தம், அப்புறம் பின்பக்க ஓட்டைகள் வழியாக வெள்ளைப் புகை. அந்த நாற்றத்தைச் சொல்வதென்றால், கருவாட்டை பிளாஸ்டிக்கோடு சேர்த்து எரித்தது மாதிரி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். அம்மா பூஜை அறையிலிருந்து, "எது எரிஞ்சாலும் பரவால்ல, முதல்ல மெயின அணை" என்றாள். மெயின்ஸ் லைனுக்குக் குறுக்கே இருக்கும் கெபாசிட்டர் வெடித்திருந்தது. நாற்பது வயதுக் கெபாசிட்டரின் மேல்தோல் விரிசல் விட்டு, சென்னையின் ஈரத்தை வருடக்கணக்காகக் குடித்திருக்கிறது. வெடிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் மெயின்ஸ் லைனுக்கென்றே செய்த எக்ஸ்2 வகைக் கெபாசிட்டர் ஒரு காபி விலைக்குக் கிடைத்தது. ரிப்பேர் செய்து கொடுத்த தம்பி, "இதோட நிறுத்தாதீங்க சார், மத்ததையும் பார்த்துடுவோம்" என்று மோட்டார் கெபாசிட்டர்கள், போர்டில் இருந்த எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள், கரகரவென்று சத்தம் போட்ட ட்ரிம்பாட்டுகள் (அளவு திருத்தும் சின்னத் திருகுகள்) எல்லாவற்றையும் மாற்றினான். அதிலிருந்து பெரிய செலவு வைக்கவில்லை. ஆகவே பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: "போட்டுப் பாருங்க, ஓடுது" என்று விற்பவர் சொன்னால் உடனே போடாதீர்கள். மூடியைத் திறந்து கெபாசிட்டர்களைப் பாருங்கள். அப்படியே ஹெட்டின் முகத்தில் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். விளிம்பில் நகம் தட்டிற்று என்றால் டேப் அங்கே பள்ளம் பறித்திருக்கிறது.

தினப்படி வேலை சுத்தம் செய்வதுதான். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் பட்ஸில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஹெட், கைடு, கேப்ஸ்டன் எல்லாம் துடைக்க வேண்டும். பட்ஸ் காப்பிக்கொட்டை நிறத்தில் வந்தால் டேப் தன் பூச்சை உதிர்க்கிறது என்று அர்த்தம். மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் வேறு சரக்கும் கலந்திருக்கும். டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்திப் பிடிக்கும் பிஞ்ச் ரோலர் ரப்பர் என்பதால் அதற்கு ஆல்கஹாலைத் தவிர்த்து, சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுகிறேன். ரப்பர் வழவழப்பாகிவிட்டால் பிடி நழுவும். நீட்டி இழுக்கும் கார்வையில் அது முதலில் தெரிந்துவிடும், சுரம் நடுங்கும்.

ஹெட்டில் சேரும் காந்தத்தை எடுக்கும் டீமேக்னடைசர் விஷயத்தில் நான் பண்ணிய முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மெஷினை அணைத்துவிட்டு, டேப்புகளைத் தள்ளி வைத்துவிட்டு, கருவியைக் கை நீளத் தூரத்தில் ஆன் செய்து, மெதுவாக ஹெட் அருகே கொண்டுபோய், அதே மெதுவில் பின்னே இழுத்து, தூரத்தில் ஆஃப் செய்ய வேண்டும். போன் அடித்தது என்று ஹெட்டுக்கு அருகிலேயே ஆஃப் செய்துவிட்டேன். காந்தத்தை எடுக்கப் போய், ஏற்றிவிட்டு வந்தேன். அன்றைக்குப் போட்ட டேப்பில் இரைச்சல் கூடியதுதான் மிச்சம். திரும்ப ஒழுங்காகச் செய்தபோது ஹெட் சரியாயிற்று. டேப்பில் ஏறிய இரைச்சல் ஏறியதுதான்.

இன்னொன்று, வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது நேரே பிளே அழுத்தக் கூடாது. ஸ்டாப் அழுத்தி, இரண்டு ஸ்பூலும் அசையாமல் நின்ற பிறகுதான். அவசரத்தில் ஒருமுறை அழுத்தி, அம்மா வீணையில் வாசித்த காம்போதி ராகத்தில் நாலு அங்குலத்தை நூடுல்ஸ் ஆக்கினேன். 45 டிகிரியில் பிளேடால் வெட்டி ஒட்டியாயிற்று. இன்றும் அந்த இடம் வரும்போது அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

அம்மாவின் வீணைதான் இந்த வீட்டில் ரெக்கார்டிங். பிரான்ஸில் அவ்ராஞ்ஷ் என்ற ஊரில் ஆர்டிஎம் என்ற நிறுவனம் இன்றும் புது டேப் செய்கிறது. அவர்களுடைய எல்பிஆர்35 என்ற மெல்லிய டேப் ஏழு அங்குல ஸ்பூலில் 1,800 அடி. நொடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் 48 நிமிடம் ஓடும். டேப் வகை மாறினால் மெஷினின் பயாஸையும், அதாவது பதியும்போது ஒலியோடு சேர்க்கும் உயர் அதிர்வெண் சிக்னலின் அளவையும், மாற்ற வேண்டும். அதனால் ஒரே வகையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஒருமுறை செட் செய்ததோடு விட்டுவிட்டேன். ஒலி அளவைக் காட்டும் வியூ மீட்டரை நம்பாதீர்கள். மீட்டும் அந்தக் கணத்தின் உச்சத்தை முள் எட்டிப் பிடிப்பதற்குள் நாதம் இறங்கிவிடும். முள் மைனஸ் ஏழைத் தாண்டாமல் வைத்தால்தான் மீட்டு தெளிவாக விழுகிறது. மிருதங்கம் சேர்ந்தால் இன்னும் குறைப்பேன்.

அனலாக் சத்தம் "வெதுவெதுப்பாக" இருக்கும் என்கிறார்களே, எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஏ77இல் மூன்றாவது ஹெட் இருப்பதால், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்விட்சைத் தட்டி மைக்கில் வருவதையும் டேப்பில் விழுந்ததையும் மாற்றி மாற்றிக் கேட்கலாம். ஒழுங்காகச் செட் செய்த மெஷினில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கொஞ்சம் இரைச்சல் கூடும், அவ்வளவுதான். ரொம்ப வெதுவெதுப்பாகக் கேட்டால் ஹெட்டைத் துடையுங்கள்.

மாறுவது அம்மாதான். போனில் அவள் வாசித்தது இருநூறு கோப்புக்கு மேல் இருக்கும், எதற்கும் பெயர் இல்லை, யாரும் திறந்ததும் இல்லை. டேப் ஓடும்போது வலப்பக்க ஸ்பூல் பருத்துக்கொண்டும் இடப்பக்க ஸ்பூல் மெலிந்துகொண்டும் வருவது அவள் கண்ணில் படுகிறது. ராகத்தை விரித்து வாசிக்கும் தானத்தை எங்கே முடிக்க வேண்டும் என்று ஸ்பூலைப் பார்த்தே கணக்குப் போடுவாள். ஒன்பது வருடத்தில் பதினான்கு ஸ்பூல். எல்லாவற்றின் பெட்டியிலும் ராகம், தேதி, அன்றைக்குச் சுருதி என்ன என்பது வரை அவள் கையெழுத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதில் ஏதாவது ஒன்று ஓடும்.

முடிந்த டேப்பைத் திரும்பச் சுற்றாமல், கடைசி முனையான வால் வெளியே இருக்கும்படி அப்படியே பெட்டியில் வைக்கிறேன். சுற்று மேல் சுற்றாக இருப்பதால் ஒரு சுற்றின் ஒலி பக்கத்துச் சுற்றில் லேசாகப் பதியும். வால் வெளியே இருந்தால் அந்த நிழல் பெரும்பாலும் ஒலிக்குப் பின்னால் விழுந்து மறைந்துவிடும். இல்லாவிட்டால் ஆலாபனை தொடங்குவதற்கு முந்தைய அமைதியிலேயே ஒரு ஆவி ஆலாபனை கேட்கும். பெட்டிகள் நிமிர்த்தி வைத்து, கூடவே சிலிகா ஜெல். பீரோவுக்கு அடியில் வைத்த ஒரு ஸ்பூலில் ஒரே மழைக்காலத்தில் வெள்ளைப் பூஞ்சை பூத்துவிட்டது.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் பெரியப்பாவின் டேப்புகளைத் தொட தைரியம் வந்தது. அவர் ஒரு சின்ன மோனோ ஸ்பூல் மெஷினில் கச்சேரி, ரேடியோ, வீட்டுப் பேச்சு எல்லாம் பிடித்து வைத்தவர். ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஒளி ஊடுருவித் தெரிந்தால் அது அசிடேட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த டேப். வினிகர் வாசனையும் வரலாம், பட்டென்று முறியும். ஒளி தெரியாவிட்டால் பாலியெஸ்டர், அது முறியாமல் நீளும். 70, 80களின் கறுப்பு முதுகு டேப் சில ஓடும்போது கீச்சிட்டு ஹெட்டில் பிசினாக ஒட்டும். பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரம் குடித்ததால் வருவது. அதை 54 டிகிரி சூட்டில் எட்டு மணி நேரம் போல வைத்தெடுத்தால் சில வாரங்கள் தாங்கும், அதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். பழம் உலர்த்தும் மெஷின் இதற்குப் போதும். அசிடேட்டை மட்டும் சூடாக்கவே கூடாது.

பெரியப்பா டேப்பின் மேல் பாதியில் ஒரு பக்கமும், திருப்பிப் போட்டு கீழ்ப் பாதியில் மறுபக்கமும் பதிந்திருந்தார். என் மெஷின் இரண்டு பாதியையும் ஒரே சமயத்தில் படிக்கும். இடது ஸ்பீக்கரில் ஒரு தோடி வந்துகொண்டிருக்க, வலது ஸ்பீக்கரில் யாரோ புரியாத பாஷையில் வேகமாகப் பேசினார்கள். கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டேன். பாட்டி. பால்காரரிடம் கணக்குத் தகராறு.

இன்னும் நாற்பது ஸ்பூல் மீதி. அதில் சில நொடிக்கு 4.75 சென்டிமீட்டர் வேகத்தில் பதிந்தவை. என் மெஷினில் அந்த வேகம் இல்லை, 9.5இல் ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் பாதியாக்குகிறேன். இரட்டை வேகத்தில் வீட்டார் எல்லாரும் அணில்கள் மாதிரி கத்துவார்கள். அம்மா அந்த நேரத்தில் ஹாலுக்கு வரமாட்டாள், சரியாக்கிய பிறகு கூப்பிடு என்பாள்.